எபிக்கு அளந்த இடம்

குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. தலைகீழாக இருக்கிறதே என்று கேட்டுப் பயனில்லை. அந்த வேலை தெரிந்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். கற்றுக்கொண்டே தீர வேண்டிய நிலையில் இருந்தவர் இவர்தான்.

குருவின் பெயர் ஜெனோவா. தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஒரு வலைக்கடைக்கு மேலே மாடி அறை. சத்தத்தை அடக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை, ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு பழைய மெத்தை. உள்ளே உட்கார்ந்து பீட் செய்வாள். பீட் என்றால் ராப் பேசுகிற பையன்களின் பேச்சுக்கு அடியில் ஓடுகிற இசை. அதிலும் அவள் செய்வது ஒரே வகை. கம்பளியைப் போட்டு அமுக்கின மாதிரி ஒரு பியானோ, வயிற்றில் இறங்குகிற பாஸ், சேர்ந்தாற்போல் அமுக்குகிற சுரக்கூட்டு, அதாவது கார்ட், நாலே நாலு, அதுவே திரும்பத் திரும்ப.

காதல் முறிந்தவன், வேலை போனவன், அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவன் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். வந்ததும் வராததுமாக, "ஜெனோக்கா, பின்னால மழை போட்டு ஒண்ணு குடுங்க" என்பார்கள். தூத்துக்குடியில் பெய்யாத மழையெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் பெய்துகொண்டிருந்தது.

சீடர் பெயர் ஞானையா. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று அந்தப் பக்கத்தில் அவர் ஏறாத மேடை கிடையாது. பாடுகிறவர் மூச்சு வாங்குகிற அரை நொடி போதும், அதற்குள் ஒரு 'பிட்' போட்டு நிரப்பிவிடுவார். கைதட்டல் பாட்டுக்கு விழுந்ததா, அந்தப் பிட்டுக்கு விழுந்ததா என்று பாடகர்களுக்கே சந்தேகம் வரும்.

ஒரு நாள் காலையில் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் அந்த மாடிப்படியில் ஏறி வந்தார்.

"மேடம், பீட் செய்யப் படிச்சுக் குடுக்கணும்."

"மேடமெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. ஜெனோவான்னே கூப்பிடுங்க. யாருக்கு பீட்?"

"எம் மகனுக்கு."

"அவன வரச் சொல்லுங்க. முதல்ல குரலக் கேக்கணும்."

"வரமாட்டாம்மா. எறந்துட்டான்."

ஜெனோவா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

மகன் பெயர் எபனேசர். வீட்டில் எபி. ராப் பேசுவான். அப்பாவுக்கு அது பிடிக்காது. "பாட வராதவந்தாம்ல பேசுவான்" என்பார். ஒரு நாள் அவன் வந்து, "அப்பா, ஒரு பியானோ வாசிச்சுத் தாங்க. சோகமா இருக்கணும். அதுல நான் பேசணும்" என்று கேட்டான். அவன் அப்பாவிடம் கேட்டதே அபூர்வம். "கொடை சீசன் முடியட்டும், பாப்போம்" என்றார் இவர். சீசன் முடிவதற்குள் பைபாஸில் ஒரு உப்பு லாரி அவனை முடித்துவிட்டது.

"அவன் பேசி வெச்சது ஏதும் இருக்கா?" என்று ஜெனோவா கேட்டாள்.

"ஃபோன்ல இருந்துச்சு. ஃபோன் அவன் பாக்கெட்ல இருந்துச்சு."

"அப்ப இந்த பீட்ல யாரு பேசப் போறா?"

"யாரும் பேச வேண்டாம்மா. அவன் கேட்டத நான் செஞ்சி குடுக்கணும். அவ்வளவுதான்."

யாரிடம் கொடுப்பது என்று அவள் கேட்கவில்லை. 'நானே செஞ்சு தந்துருதேன், போய்ட்டு வாங்க' என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது ஒரு மணி நேர வேலை. அதையும் சொல்லவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒண்ணு வாசிச்சு எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவர் எடுத்து வந்ததில் எல்லாமே இருந்தது. பியானோ இருந்தது. அதன் மேல் ஒரு வயலின் கூட்டம் இருந்தது. புல்லாங்குழல் வந்து கண்ணீர் விட்டுவிட்டுப் போனது. நடுவில் ஷெனாய். ஷெனாய் இல்லாத சோகம் சோகமே இல்லை என்பது மெல்லிசைக் குழுக்களின் நம்பிக்கை.

ஜெனோவா அதை ஓடவிட்டாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அவரைப் பார்த்து ஏதோ பேச ஆரம்பித்தாள். வாய் அசைந்தது. ஞானையா காதைத் தீட்டினார். ஷெனாய் வந்தது. அவள் விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். இசை முடிந்தது, அவளும் நிறுத்தினாள்.

"இப்ப நான் என்ன சொன்னேன் அண்ணாச்சி?"

"கேக்கலியேம்மா. ஷெனாய் வந்துட்டுல்லா."

"எபி சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது."

ஞானையாவுக்கு முகம் சுண்டிப்போனது. முப்பது வருஷமாக மேடையில் வாசிக்கிறவரிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. கீபோர்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பாதியில் நிறுத்தினார்.

"எதை எடுக்கணும்?" என்று கேட்டார்.

"முதல்ல ஷெனாய்."

ஷெனாய் போனது. அடுத்த முறை புல்லாங்குழல் போனது. அதற்கடுத்த முறை வயலின்கள் மொத்தமாக எழுந்து போயின. ஒவ்வொன்றாக நீக்கும்போது, வீட்டுச் சாமான்களை யாரோ வெளியே எடுத்து வைக்கிற மாதிரி அவருக்கு இருந்தது. கடைசியில் பியானோ மட்டும் மிஞ்சியது.

"போதுமா?"

"வலது கைய எடுங்க."

"எடுத்துட்டு எங்க வைக்க?"

"தொடைக்கு அடியில வைங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இடது கையால் நாலு கார்டையும் வாசித்தார். ஒரு சுற்று போனது. இரண்டாம் சுற்றின் கடைசிக் கார்ட் தேய்ந்து கொஞ்சம் அமைதி வந்தது. உடனே வலது கை வெளியே வந்து நாலு சுரத்தை அள்ளிப் போட்டுவிட்டு நின்றது.

"அண்ணாச்சி."

"நான் எடுக்கலம்மா. அதுவா வருது. எங்கன சத்தம் நின்னாலும் அது வந்துரும். அப்படியே பழக்கிட்டேன்."

"அந்த இடத்துலதான் அவன் பேசணும்."

ஞானையா வலது கையைத் திரும்ப உள்ளே வைத்து, இந்த முறை அதன் மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கை அடங்க வெகுநாள் ஆனது. அடங்கிய பிறகு வேறொரு தொல்லை வந்தது. மேடையிலும் அது அடங்கிவிட்டது. பாடகர் மூச்சு வாங்கினார், பிட் வரவில்லை, அவர் திரும்பிப் பார்த்தார். ஞானையா கையை மடியில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு அந்த இடத்தில் மூக்கறுபட்டு நின்றது. 'மகன் போனதுலருந்து அண்ணாச்சிக்குக் கை வரல' என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். இரண்டு கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. மூன்றாவதுக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

அதை ஜெனோவாவிடம் சொன்னார்.

"நிறுத்திருவோமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"எத?"

"இத."

"வேண்டாம். இது நடக்கட்டும்" என்றார்.

ஒரு நாள் மழை கேட்டார். எல்லாப் பையன்களும் கேட்டு வாங்கிப் போகிறார்கள், தன் மகனுக்கு மட்டும் ஏன் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

"எபி போன அன்னைக்கு மழையா அண்ணாச்சி?"

"மழையா? தார் உருகுற வெயிலு. அவன் செருப்பு ரோட்ல ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுட்டு."

"பின்ன எதுக்கு மழை?"

அவர் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார். நெடுநாளாக மனதில் வைத்திருந்த கேள்வி அது.

"ஒனக்கு யாராச்சும் போயிருக்காவளாம்மா?"

"இல்ல. அப்பா இருக்காவ. அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்கா. தம்பி குவைத்ல."

"காதல் கீதல்..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"அப்ப நீ போடுறதக் கேட்டா எல்லாவனும் அழுதானே. நான் மகனத் தூக்கிக் குடுத்துட்டு வாசிக்கேன், எனக்கே அழுகை வரமாட்டேங்கு. அது எப்படி?"

கேட்கும்போது அவர் குரலில் கோபமே இருந்தது. ஒரு துக்கமும் பார்க்காத பிள்ளை துக்கத்தை மூட்டை மூட்டையாகச் செய்து அனுப்புகிறது. வீடு நிறையத் துக்கத்தை வைத்திருப்பவருக்கு ஒரு சுற்று சரியாக வரவில்லை. இதில் என்ன நியாயம் என்று அவருக்குப் புரியவில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கிற எனக்கும் புரியவில்லை.

ஜெனோவா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். அவருக்கும் ஒரு செம்பு கொண்டு வந்தாள்.

"உங்க வீட்டு வாசல்ல பந்தல் போட்டாங்கள்லா அண்ணாச்சி?"

"ஆமா."

"போட்டவன் அழுதானா?"

"அவன் ஏன் அழப் போறான்? வந்தான், கம்பு நட்டான், சேரை இறக்கிப் போட்டுட்டுப் போனான்."

"வந்தவங்க உக்காந்து அழுதாங்களா?"

ஞானையா செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவர் அந்தப் பக்கம் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து தனியாகச் செய்தார்.

எபிக்குக் கொஞ்சம் திக்கும். எல்லா எழுத்துக்கும் இல்லை. வரியை ஆரம்பிக்கும்போது மட்டும் நாக்கு ஒரு கணம் வாசலில் நின்றுவிட்டுப் பிறகு உள்ளே வரும். வந்துவிட்டால் அப்புறம் நிற்காது, மூச்சு முட்டுகிற வரை ஓடும். கடைசிச் சொல்லை மட்டும் விட மனமில்லாமல் இழுப்பான். "திக்குற நாக்க வெச்சுக்கிட்டு ஒனக்கு ராப்பா?" என்று இவர் ஒரு முறை கேட்டிருக்கிறார். இப்போது அந்தத் திக்கல் எவ்வளவு நேரம் என்று அவருக்கு விரல் நுனியில் தெரிந்தது. வாத்தியக்காரனின் காது. மகன் பேச்சைக் கேட்கவே இல்லை என்று அவர் நினைத்திருந்தார். காது எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறது.

பீட்டில் ஸ்னேர் என்று ஒரு முரசு அடி உண்டு. சுளீரென்று விழும். அது விழுகிற இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறவன் வரிக்குள் ஏறுவான். ஞானையா ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அந்த அடியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். எபியின் நாக்கு வாசலில் நின்றுவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. கடைசிக் கார்டை அவன் இழுக்கிற அளவுக்கு நீட்டினார். மற்றபடி எதுவும் சேர்க்கவில்லை. வலது கை தொடைக்கு அடியிலேயே இருந்தது.

செய்து முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டார். பியானோ வந்தது. ஸ்னேர் விழ வேண்டிய இடத்தில் விழாமல் ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்துக்குள் எபி வந்து நின்றான். திக்கினான். ஸ்னேர் விழுந்தது. பேச ஆரம்பித்தான்.

என்ன பேசினான் என்று தெளிவாக இல்லை. குரல் அவனுடையதுதான். சாப்பிட வரச் சொன்னால் 'இ... இந்தா வாரேம்ப்பா' என்கிற அதே குரல். ஞானையா அன்றைக்குத்தான் மகன் செத்ததற்கு முதன்முதலாக வாய்விட்டு அழுதார். அதன் பிறகு தினமும் பீட்டை ஓடவிட்டார், தினமும் எபி வந்தான். சாப்பாடு இறங்கியது. தூக்கம் வந்தது. மகன் முழுவதுமாகப் போய்விடவில்லை, அவன் வந்து நிற்க ஓர் இடம் இருக்கிறது என்கிற நினைப்பிலேயே அவர் நடமாடிக்கொண்டிருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு ஜெனோவாவிடம் வந்தார். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

"ஸ்னேர் லேட்டா விழுதே. தவறிட்டா அண்ணாச்சி?"

"தவறல. எபிக்குத் திக்கும்."

அவள் மறுபடி முதலிலிருந்து கேட்டாள். கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் மெதுவாக வைத்தாள்.

"என்னால இப்படி ஒண்ணு செய்ய முடியாது" என்றாள்.

ஞானையாவுக்கு உச்சி குளிர்ந்தது. குருவின் வாயிலிருந்து வந்த முதல் நல்ல சொல் அது. அத்தோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. கேட்டார்.

"அப்ப முடிஞ்சிட்டாம்மா?"

"ஒருத்தர் பேசிப் பாத்தாத்தான் முடிஞ்சுதா இல்லியான்னு தெரியும்."

"இதுல எபி மட்டுந்தான் பேச முடியும்."

"அப்படின்னா முடிஞ்சுதான்னு எங்கிட்ட கேக்காதீங்க அண்ணாச்சி. வீட்டுக்குக் கொண்டு போங்க. நீங்க மட்டும் கேளுங்க."

அவள் அதைக் கண்டிப்பாகத்தான் சொன்னாள். அவரும் எழுந்து பாதிப் படி இறங்கினார். கீழே வலைக்கடையில் யாரோ நைலான் கயிறு இழுத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்று யோசித்தார். தனக்கு மட்டும் தெரிந்தால் போதுமா என்று நினைத்தார். இது எபியின் அளவுதான், இன்னொருத்தனுக்கு இது சேராது என்று காதால் கேட்டுவிட்டால் அப்புறம் சந்தேகமே இல்லையே என்று தோன்றியது. திரும்ப மேலே வந்தார்.

"எவனையாச்சும் கூப்பிடும்மா. பேசிப் பாக்கட்டும். எவன் வந்தாலும் அந்த இடத்துல இடறுவான்."

"இடறினா?"

"இடறினா இது எபிக்குள்ளதுன்னு அர்த்தம்."

"இடறலன்னா?"

"இடறுவாம்மா" என்றார் ஞானையா.

மறுநாள் மத்தியானம் இசக்கிராஜ் வந்தான். கூரியர் கம்பெனியில் பொட்டலம் கொண்டு கொடுக்கிறவன். முதுகில் பெரிய பை, சட்டையெல்லாம் வியர்வை. சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தான். பீட் யாருக்குச் செய்தது, எதற்குச் செய்தது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஞானையாதான் சொல்ல வேண்டாம் என்றார்.

"அண்ணாச்சி போட்ட பீட்டா? கொடையில உங்க வாசிப்பக் கேட்டிருக்கேன்" என்று கும்பிட்டான்.

ஜெனோவா ஃபேனை நிறுத்தினாள். பதிவு செய்யும்போது அங்கே ஃபேன் ஓடக்கூடாது. சத்தம் மைக்கில் ஏறிவிடும். மெத்தை அடைத்த ஜன்னலோடு அந்த அறை அடுப்பாக மாறியது.

இசக்கிராஜ் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு முறை கேட்டான். முதல் சுற்றில் ஸ்னேர் தள்ளி விழுந்த இடத்தில் அவன் புருவம் சுருங்கியது. ஞானையா அதைப் பார்த்தார். அவருக்கு மூச்சு லேசானது. இரண்டாம் சுற்றில் புருவம் சுருங்கவில்லை. மூன்றாம் சுற்றில் தலை ஆட ஆரம்பித்தது.

"போலாம்க்கா" என்றான்.

பியானோ வந்தது. ஸ்னேர் நின்றது. அந்தக் கணத்தில் இசக்கிராஜ் மூச்சை இழுத்தான். ஸ்னேர் விழுந்தது. அவன் உள்ளே இருந்தான்.

பொட்டலம் ஒன்றைப் பற்றிப் பேசினான். யார் வீடு என்று தெரியாமல் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறான். அவன் விரும்பின பெண்ணின் வீடு. கல்யாணமாகி அவள் போய்ச் சேர்ந்த வீடு.

"கதவத் தட்டினேன், நீதான் தொறந்த,
யாருக்குன்னு கேட்ட, ஓம் பேரத்தான் படிச்சேன்,
கையெழுத்து போட்ட, இனிஷியல் மாறியிருந்துச்சு,
தேங்க்ஸ்னு சொன்ன, யாருக்கோ சொல்லுத மாதிரி."

ஒவ்வொரு வரிக்கும் அந்தத் தாமதத்தில் மூச்சை இழுத்து, அடி விழும்போது ஏறினான். ஓர் இடத்தில்கூட இடறவில்லை. கடைசிச் சொல்லை நீட்டின கார்டின் மேல் படுக்க வைத்தான். அவன் முகத்தில் வழிந்தது வியர்வை மட்டும் இல்லை. ஞானையா அதையும் பார்த்தார். ஏதோ ஒரு சின்னப் பையனின் காதல் கதை என்று தள்ளிவிட அவரால் முடியவில்லை. அவன் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான்.

முடிந்ததும் இசக்கிராஜ் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, அந்த அடி பிந்தி விழுதுல்லா, அங்கனதான் விஷயமே இருக்கு. எல்லா பீட்லயும் எனக்கு மூச்சு வாங்க இடமே இருக்காது. இது எனக்குன்னே அளந்து தச்ச மாதிரி இருக்கு."

ஞானையா தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரியாமலே ஆட்டினார். இசக்கிராஜுக்கு ஃபோன் வந்தது. பையை மாட்டிக்கொண்டு, "சாயங்காலம் அனுப்புங்கக்கா" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான்.

அறையில் இருவரும் இருந்தார்கள். ஃபேனைப் போட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"அவன் குரல எடும்மா."

அவள் இசக்கிராஜின் குரலை நிறுத்தினாள்.

"முதல்லருந்து போடு."

போட்டாள். பியானோ மட்டும் வந்தது. ஞானையா கண்ணை மூடிக்கொண்டார். ஸ்னேர் விழாமல் நின்றது. அந்தக் கணம் வந்தது. யாரோ மூச்சை இழுத்தார்கள். கதவத் தட்டினேன் என்றார்கள்.

"இன்னொருக்க போடும்மா."

போட்டாள். அவர் இந்த முறை உதட்டை அசைத்து, எபியைப் போலவே வாயைக் கோணி, திக்கிப் பார்த்தார். இந்தா வாரேம்ப்பா என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார். சொல் இருந்தது. அதைச் சொல்கிற குரல் இல்லை. கணம் வந்தது, மூச்சு வந்தது, கையெழுத்து வந்தது, மாறிப்போன இனிஷியல் வந்தது.

"இன்னொருக்க."

"அண்ணாச்சி..."

"போடு."

போட்டாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சுற்றுகள் ஓடின. கடைசியில் அவரே கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜெனோவா திரையைப் பார்த்தாள். தான் ஏன் அந்தப் பையனைக் கூப்பிட்டோம் என்று அவளுக்கு இருந்தது.

"அது அவனோட திக்கல்மா" என்றார் ஞானையா. சத்தம் வரவில்லை, மூச்சுதான் வந்தது. "எவ்வளவு நேரம் திக்குவான்னு பாத்துப் பாத்து, எபிக்கு அளந்து வெச்ச இடம். இந்தப் பய எப்படிம்மா அதுக்குள்ள வந்தான்?"

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலியா இருந்துச்சு, அண்ணாச்சி" என்றாள் ஜெனோவா.